அடிபட்ட காலில் நாடி பார்த்தார்களா? குமரி மாவட்டத்தில் ரத்தக்குழாய்க் காயம் நேர்ந்தால் செய்ய வேண்டியவை

மாலை 6.40 மணி. அழகியமண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மினி லாரி உரசியதில் என் மச்சினன் பைக்கோடு விழுந்தான். கால்முட்டு ஒரு மாதிரி மடங்கிவிட்டது. தோல் கிழியவில்லை, சொட்டு ரத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பும் முறியவில்லை. “வெறும் வீக்கம்தான், காலையில் பார்க்கலாம்” என்று முதலில் போன இடத்தில் சொல்லிவிட்டார்கள். நாங்களும் நிம்மதியாக டீ குடிக்கப் போனோம். இரவு 11 மணிக்குப் போர்வையை இழுத்து விடும்போது என் மனைவி அவன் பாதங்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்று சாதாரணமாக இருந்தது. மற்றது பிரிட்ஜில் இருந்து எடுத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இருந்தது.

முட்டுக்குப் பின்னால் ஓடும் தமனி உள்ளுக்குள் கிழிந்து அடைத்துப் போயிருந்தது. வேறு ஊருக்குக் கொண்டுபோய் அறுவை அரங்குக்குள் ஏற்றும்போது மணி 1.30. கால் தங்கியது. ஆனால் கெண்டைச் சதையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவனால் அந்தப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாது. அது போதாதென்று, முதல் நாள் இரவு யாரோ ஒருவர் எழுதிய ஒரே வரியால் இழப்பீட்டு வழக்கும் இழுத்தது.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. தக்கலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். இதற்காக அலைந்து தெரிந்துகொண்டதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். பைக் விபத்துக்கு மட்டுமல்ல, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி தொடையில் பாய்ந்தாலும், துறைமுகத்தில் வின்ச் கயிறு கையைச் சுற்றி இழுத்தாலும், பனையிலிருந்து விழுந்தாலும், அடிதடியில் வெட்டுப்பட்டாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. மணியைப் பாருங்கள், அழுத்திப் பிடியுங்கள்

முதலில் மணி. அடிபட்ட நேரத்தை உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ரத்த ஓட்டம் முழுதாக நின்ற கை காலில் சதையும் நரம்பும் சாவதற்குப் பொதுவாக 6 மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். அதுவரை பத்திரமாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை, நரம்பு அதற்கு முன்பே கெடத் தொடங்கும். அந்த 6 மணி நேரமும் மருத்துவமனை வாசலில் இருந்து தொடங்குவதில்லை, விழுந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது.

ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காமல் கொட்டினால் மட்டும் காயத்துக்கு நாலு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டுங்கள். சணல், கம்பி, பிளாஸ்டிக் கயிறு எதுவும் வேண்டாம். கட்டிய நேரத்தைப் பேனாவால் நெற்றியிலோ கையிலோ எழுதிவிடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். கட்டிய பிறகு வழியில் நீங்களே தளர்த்த வேண்டாம்.

காப்பித்தூள், மஞ்சள், தைலம் எதையும் போடாதீர்கள். குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ பிடுங்காதீர்கள், அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். அடிபட்டவருக்கு சோடா, காப்பி கொடுப்பதும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். விரலோ கையோ துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். ஐஸ் நேரடியாகச் சதையில் படக்கூடாது.

2. “நாடி இருக்கா?” என்று ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவு வைப்பீர்கள் என்றால் இது இருக்கட்டும். பாதத்தின் மேல்புறம், உள் கணுக்காலுக்குப் பின்புறம், கையில் என்றால் மணிக்கட்டு: இங்கெல்லாம் நாடி தெரிகிறதா என்று டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்டதும் பார்ப்பார்கள். பார்த்ததைக் கேஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நேரத்தோடு.

வீட்டார் கவனிக்க வேண்டியவை: அடிக்குப் பொருத்தமில்லாத கடும் வலி, வெளிறிப்போதல், குளிர்ச்சி, மரத்துப்போதல், விரலை அசைக்க முடியாமை. என் மச்சினன் இரவு 8 மணிக்கே “அத்தான், காலு மரக்கட்ட மாதிரி இருக்கு” என்றான். ஊசி போட்டதால் இருக்கும் என்று நானே சமாதானம் சொன்னேன்.

எங்களை ஏமாற்றியது எக்ஸ்ரே. முட்டு இடம் பெயர்ந்து, தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடுவது உண்டாம். அப்போது படத்தில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பெயர்ந்த அந்தக் கணத்தில் பின்னால் இருக்கும் தமனி இழுபட்டு உள்சுவர் கிழிந்திருக்கும். இன்னொன்று, முதலில் நாடி இருந்ததால் மட்டும் தப்பித்ததாகாது. உள்சுவர்க் கிழிசலில் ரத்தம் மெல்லக் கட்டி, சில மணி நேரம் கழித்தும் அடைக்கும். அதனால் முட்டு அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப நாடி பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர், சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன்கள் என்று போவார்கள். நாடியே இல்லை, ரத்தம் பீறிடுகிறது, வீக்கம் கண்ணெதிரே பெருகுகிறது என்றால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோவதும் உண்டு. குழந்தை விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்தால் இதே எச்சரிக்கை கைக்கும் பொருந்தும்.

3. எங்கே கொண்டுபோவது

108 வந்தால் பெரும்பாலும் பக்கத்து அரசு மருத்துவமனை: குழித்துறை, தக்கலையில் பத்மநாபபுரம், குளச்சல், இல்லையென்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி. ரத்தத்தை நிறுத்தி, சொட்டு மருந்து ஏற்றி, சிம்பு வைத்துக் கட்ட பக்கத்து ஆஸ்பத்திரி போதும். அதற்கு அப்புறம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ரத்தக்குழாயைத் தைக்கும் அறுவை நிபுணர் இந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்? கட்டடத்தின் உயரத்தையும் வாசல் பலகையையும் நம்பாதீர்கள். அனுப்பும் டாக்டரையே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். “வாங்க, பார்க்கலாம்” என்பது பதில் ஆகாது. “ஆள் இருக்கிறார், அரங்கு தயார்” என்பதுதான் பதில்.

நம் மாவட்டம் நீளவாக்கில் கிடக்கிறது. நாகர்கோவிலுக்குக் கிழக்கே இருப்பவர்கள் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு ஓடுகிறார்கள், நாகர்கோவிலில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். மார்த்தாண்டம் பக்கத்தவர்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள், தூரம் அதில் பாதிதான். ஆனால் பாலராமபுரத்து நெரிசல் மாலை நேரத்தில் எத்தனை நிமிடம் தின்னும் என்பது போனவர்களுக்குத் தெரியும். தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

அனுப்பும் கடிதத்தில் அடிபட்ட நேரம், நாடி நிலை, இறுக்கிக் கட்டிய நேரம், கொடுத்த மருந்துகள், ரத்த வகை இவை இருக்க வேண்டும். எங்கள் கடிதத்தில் “மேல் சிகிச்சைக்கு” என்ற இரண்டு சொல் மட்டுமே இருந்தது. அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள், முக்கால் மணி நேரம் போனது.

4. ஆசானிடம் போவது பற்றி

குமரியில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர் வர்ம ஆசான்கள் கட்டுப் போட்டு நடந்தவர்கள் என் குடும்பத்திலேயே உண்டு, என் அப்பா ஒருவர். ஆனால் நாடி இல்லாத காலில், விரல் குளிர்ந்த கையில் கட்டுக்கும் எண்ணெய்க்கும் வேலையே இல்லை. வீங்கிக்கொண்டிருக்கும் சதையை மூங்கில் வைத்து இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி, மிச்சமிருக்கும் ரத்த ஓட்டமும் நின்றுவிடும். மாவுக்கட்டும் இதே தப்பைச் செய்யலாம், அதனால் ஆசானை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். வலி கூடிக்கொண்டே போனால், விரலை நீட்டிவிடும்போது உயிர் போவது போல் வலித்தால், விடியும்வரை காத்திருக்காமல் கட்டை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

5. ஏ.ஆர். பதிவு: அந்த ஒரு வரி

விபத்து, அடிதடி என்று வந்தால் மருத்துவமனையில் ‘ஏ.ஆர்.’ எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். எப்போது, எங்கே, எப்படி, யார் கொண்டுவந்தார்கள், என்ன காயம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பின்னால் வரும் எல்லாக் காகிதத்துக்கும் வேர் இதுதான்.

எங்களுக்கு முன்பே அவனைத் தூக்கிக்கொண்டு வந்த நல்ல மனிதர் ஒருவர், பதற்றத்தில் “வண்டி சறுக்கி விழுந்துட்டான்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதிவிட்டார்கள். லாரி என்ற சொல்லே அதில் இல்லை. பின்னால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஆகவே எழுதும்போதே பக்கத்தில் நில்லுங்கள். மோதிய வண்டி, முடிந்தால் அதன் எண், இடம், நேரம், வலதா இடதா, எல்லாவற்றையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் அப்போதே சொல்லித் திருத்தி, டாக்டர் கையெழுத்தும் நேரமும் போடச் செய்யுங்கள். வேறு ஊருக்கு மாற்றினால் அங்கே எழுதுவதும் முதல் பதிவோடு முரண்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“போலீஸ் வரட்டும், அப்புறம் தொடுகிறோம்” என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். உயிர் காக்கும் சிகிச்சைக்குப் போலீஸ் நடைமுறை தடையாக நிற்கக்கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. தூக்கி வந்தவருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு. விருப்பமில்லாவிட்டால் அவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

6. அறுவைக்கு முன்பும் பின்பும் எழுத்தில் இருக்க வேண்டியவை

சம்மதப் படிவத்தில் எந்தக் கால், என்ன அறுவை, கால் எடுக்க நேரலாம் என்பது வரை இருக்கும். கை நடுங்கும், படித்துவிட்டே போடுங்கள். பெரும்பாலும் மற்றொரு காலில் இருந்து நரம்பு மாதிரித் தெரியும் ஒரு சிரையை எடுத்துத் தமனிக்குப் பதிலாக ஒட்டுவார்கள். ரத்தம் திரும்பப் பாயும்போது சதை வீங்கும் என்பதால் கெண்டைக்காலில் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தே விடுவார்கள். பார்த்ததும் என் மாமியார் மயங்கி விழுந்தார். அது காலைக் காப்பாற்றும் கீறல் என்று முன்பே வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

இங்கேதான் சட்டச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்தக் கீறலும், காயத்தை விரித்துச் சுத்தம் செய்த வெட்டும் பின்னால் அடிபட்ட காயத்தோடு கலந்துபோகும். வெட்டுக்குத்து வழக்கில் எது கத்திக் காயம், எது டாக்டர் கீறியது என்று கோர்ட்டில் கேள்வி வரும். அதனால் அறுவைக்கு முன்பே காயத்தின் நீளம், அகலம், ஆழம், இடம் எழுதப்பட வேண்டும். ஒரு அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்தால் இன்னும் நல்லது. வெட்டுப்பட்டவரின் சட்டையைத் துவைக்காதீர்கள். உலர்த்திக் காகிதக் கவரில் வைத்துப் போலீஸிடம் கொடுங்கள்.

அப்புறம் காயச் சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 116ஆம் பிரிவு எது கொடுங்காயம் என்று பட்டியல் போடுகிறது. எலும்பு முறிவும் மூட்டு விலகலும் அதில் உண்டு, உறுப்பின் செயல் நிரந்தரமாகக் குறைவதும் உண்டு. ‘தமனி அறுந்தது’ என்று தனியாக ஒரு வரி கிடையாது. அதனால் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தியது அல்லது 15 நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய முடியாமலோ கிடத்தியது என்ற வகையில் வர வேண்டும். வந்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியிருந்தது, எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் என்பதெல்லாம் குறிப்பில் இருந்தால்தான் டாக்டர் அப்படிக் கருத்துச் சொல்ல முடியும். எங்கள் முதல் சான்றில், எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து, ‘சாதாரண காயம்’ என்று வந்தது. அறுவைக் குறிப்பைக் காட்டி மாற்ற மூன்று முறை நடந்தேன். சந்தேகமான கேஸில் நிபுணர் அறிக்கை வரும்வரை கருத்தை நிறுத்திவைக்க டாக்டரால் முடியும்.

7. போலீஸ்: ரசீதோடு திரும்பி வராதீர்கள்

மருத்துவமனை தகவல் அனுப்பும் என்று சும்மா இருக்க வேண்டாம். மறுநாளே வீட்டில் ஒருவர் விபத்து நடந்த எல்லைக்கு உட்பட்ட காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கேரளத்தில் சேர்த்திருந்தால் இது இன்னும் முக்கியம். அங்கிருந்து தகவல் முதலில் அந்த ஊர் போலீஸுக்குப் போய், பிறகுதான் இங்கே வரும்.

புகாரை வாங்கிக்கொண்டோம் என்று தரும் சி.எஸ்.ஆர். ரசீது வேறு, வழக்குப் பதிந்து தரும் எஃப்.ஐ.ஆர். வேறு. ரசீதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வக்கீலிடம் போய் விழிப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விபத்து வழக்கில் பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (தாறுமாறாக வண்டி ஓட்டியது), 125(பி) (அலட்சியத்தால் கொடுங்காயம்) பிரிவுகள் வரும். வாகன ஆய்வாளர் அறிக்கை, மகஜர் (இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் இவற்றையும் கேட்டு வாங்குங்கள். 2022 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். தந்துவிட்டார்களா என்று போய்க் கேட்பது உங்கள் வேலை.

8. காசு

சாலை விபத்து என்றால் தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாய் வரம்போடு தொடங்கியது. காப்பீட்டு அட்டை வேண்டாம், வெளி மாநிலத்தவருக்கும் உண்டு, ஆனால் விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும், மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் 7 நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதற்கும் மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். உள்ளே போகும்போதே காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள், பில் போட்ட பிறகு கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இவை முடிந்ததும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். அட்டை கைவசம் இல்லாவிட்டால் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டுபோய்ப் பாருங்கள்.

இவை எதிலும் வராத செலவுதான் ஆளைத் தின்னும். ஆம்புலன்ஸ், வெளியே வாங்கிய மருந்து, வார்டுக்கு வெளியே தங்கியது, ஆறு மாத பிசியோதெரபி, பாதம் தொங்காமல் இருக்க வைக்கும் பட்டை. ஆம்புலன்ஸுக்கு மட்டும் அன்றிரவு 6,500 ரூபாய் கொடுத்தோம், ரசீது வாங்கவில்லை. அது வழக்கில் வரவே இல்லை.

9. இழப்பீட்டு மனு

மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் மனு போட விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம் என்று 2022 ஏப்ரல் முதல் வரம்பு இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். காலில் தோல் ஒட்டு ஆறுவதற்கே எங்களுக்கு மூன்று மாதம் ஆனது, 6 மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ மனு போடலாம், எனவே சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும் நாகர்கோவிலிலேயே நடத்தலாம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே 164ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கும் வழியும் இருக்கிறது. மோதிய வண்டி எது என்றே தெரியாவிட்டால் 50,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம்.

கேட்கும் ஆவணங்கள்: எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, அசல் பில்கள், வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், வருமானச் சான்று. பால்வெட்டு, மீன்பிடி, கொத்தனார் வேலை போன்றவற்றில் இருப்பவர்கள் வருமானத்தைக் காட்ட நலவாரிய அட்டை, சங்க உறுப்பினர் சீட்டு, வங்கி வரவு எதையாவது தேடி எடுத்துவையுங்கள். மருந்துக்கடை பில்கள் பல வெயிலில் வெளுத்துவிடும் தாளில் வருபவை. அன்றன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். எங்களுடையதில் ஒரு கற்றை வெள்ளைத் தாளாகவே போய்விட்டது. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம். தொகையாகப் பேசி, ரசீது வாங்குங்கள்.

10. சிகிச்சையில் தாமதம் என்று தோன்றினால்

கோபத்தில் வார்டில் சண்டை போடாதீர்கள். பதிவேடுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. நர்ஸ் குறிப்புத் தாள்களையும் சேர்த்துக் கேளுங்கள். நாடி பார்த்தார்களா, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை அதில் வராது. கிரிமினல் வழக்கு எளிதல்ல. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் மிகப் பெரிய அலட்சியம் இருந்தால்தான் என்று வரையறுத்துவிட்டது. கால் போனதால் மட்டும் தப்பு நடந்ததாகாது, சில காயங்களில் எவ்வளவு சீக்கிரம் தைத்தாலும் கால் தங்குவதில்லை. நாங்கள் கடைசியில் வழக்குப் போடவில்லை. சரியா தப்பா என்று இன்றும் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

11. ஊனச் சான்றிதழும் அதற்குப் பிறகும்

நிலை ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் மருத்துவக் குழு சதவீதம் போடும். அவசரப்பட்டுப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அரசுச் சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். இழப்பீட்டுக்குக் கணக்கே வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொன்னபடி, உடம்பில் எத்தனை சதவீதம் குறை என்பதைவிட, அந்தக் குறையால் அவர் தொழிலில் எவ்வளவு வருமானம் போனது என்று பார்க்க வேண்டும். மரம் ஏறுபவருக்குப் பாதம் தொங்கினால் தொழிலே போச்சு. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு அப்படியில்லை. வேலையை நேரில் பார்த்த ஒருவரைச் சாட்சியாக வையுங்கள்.

வாரங்கள் கழித்துக் காயத்தின் அருகே துடிக்கிற ஒரு கட்டி தெரிந்தாலோ, கை வைத்தால் கரகரவென்று அதிர்ந்தாலோ, அது ஆறிய தழும்பு அல்ல. தமனிச் சுவர் பிதுங்கியிருக்கலாம், தமனியும் சிரையும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாரும் அமுக்கியோ கீறியோ பார்க்க விடாமல், பழைய ஏ.ஆர். நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய காயத்தின் தொடர்ச்சி என்று எழுதி வாங்கினால்தான் வழக்கில் சேரும்.

மருத்துவக் குழுவுக்கு முன் போகிற அன்று ஆளை லுங்கியில் கூட்டிப்போங்கள். இரண்டு தொடையையும் கெண்டையையும் டேப் வைத்து அளந்து ஒப்பிடுவார்கள். என் மச்சினன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போய், பக்கத்துக் கடையில் வேட்டி வாங்கி வரும்வரை அவன் டோக்கன் நம்பர் தாண்டிப் போய்விட்டது.